பேர் போடாத நாள்: ஊவாத் தோட்டங்களில் ஓய்வும் உலாவும் – ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தோட்டங்களின் பேச்சு வழக்கில் ஒரு நாள் உழைப்புக்குப் ‘பேர்’ என்று பெயர். செக்றோல் பதிவேட்டில் தொழிலாளியின் பெயருக்கு நேரே கணக்கப்பிள்ளை இடும் குறியிலிருந்து இவ்வழக்கு எழுந்திருத்தல் கூடும். பறித்த கொழுந்து குறித்த அளவுக்குக் குறைந்தால் ‘அரைப் பேர்’. ஞாயிற்றுக்கிழமையில் வேலைக்கு அழைக்கப்பட்டால் ‘ஒன்றரைப் பேர்’. ஓய்வுக்குரிய நாளோ, பேர் போடாத நாள். அந்நாளை அதன் குறைபாட்டினாலேயே அங்கு குறிப்பிடுகின்றனர். நகரத்துப் பேச்சில் ‘விடுமுறை’ என்றதும் மனக்கண்ணில் எழும் கடலும் மலையும் அருவியும் இவ்வழக்கில் தோன்றுவதில்லை. ஒரு நாட் கூலி இல்லை என்பதே முதலில் தோன்றுகின்றது.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. பல்கலைக்கழக விடுமுறையொன்றின்போது உடன்பயிலும் நண்பர் ஐவருடன் எனது பிறந்தகமாகிய அப்புத்தளைப் பகுதிக்கு இரண்டு நாட் சுற்றுலாச் சென்றேன். முதல் நாள் எல்ல, தெமோதரைப் பாலம், இராவணன் நீர்வீழ்ச்சி. மறுநாள் விடியுமுன் தம்பேதன்னத் தோட்டத்தின் உச்சியிலுள்ள ‘லிப்டன் சீட்’. பனி விலகியதும் கீழே மடிப்பு மடிப்பாகத் தேயிலை மலைகள் தோன்றின. மட்டக்களப்பைச் சேர்ந்த நண்பர் ஒருவர், “உங்கள் அம்மா ஆட்கள் ஓய்வு நாள்களில் இங்கே வந்து அமர்ந்திருப்பார்கள், இல்லையா?” என்று வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. வீடு சேர்ந்ததும் தாயாரிடம் கேட்டேன். அவர் முப்பத்தோராண்டுகள் கொழுந்து பறித்தவர். “அந்தப் பக்கம் எங்களுக்கு மலை போடலியே, என்னத்துக்குப் போறது?” என்றார். தோட்டத்தவர் வழக்கில் ‘மலை’ என்பது கண்ணுக்கு இனிய காட்சியன்று. அன்றைய வேலைக்கெனப் பிரித்துக் கொடுக்கப்படும் தேயிலைப் பரப்பேயாகும்.

ஒரே மலை ஒருவருக்குக் காட்சியாகவும் மற்றவருக்கு வேலைத்தலமாகவும் எவ்வாறு பிரிந்தது என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் பொருள். இதனை மனநிலை வேறுபாடு என்று கூறி அமைதல் எளிது. ஆயின் வரலாற்றை நோக்குமிடத்து இப்பிரிவினைக்குச் சட்டங்களும் புகையிரதப் பாதைகளும் கூலிக்கணக்குகளும் காரணமாயமைந்தமை புலனாகின்றது.

ஊவா 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாயிற்று. பதுளை அதன் தலைநகர். ஆயினும் ஐரோப்பியர் இங்கு இன்பங் கருதி உலவத் தொடங்கியது அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே எனலாம். அவர்தம் முதலாவது பொழுதுபோக்கு வேட்டை. பதுளையில் அரசாங்கப் பிரதிநிதியாயிருந்த மேஜர் றொஜேர்ஸ் என்பார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் புகழ்பெற்றவர். அவர் 1845இல் அப்புத்தளை வாடிவீட்டில் இடி விழுந்து இறந்தார். பதுளையிலுள்ள பரிசுத்த மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுப்பப்பெற்றதே. உத்தியோகமும் வேட்டையும் உல்லாசமும் ஒருவரிடத்திலேயே ஒன்றுசேர்ந்திருந்தமைக்கு அவர் வாழ்க்கை தக்க சான்று. அவர் உயிர்நீத்த இடம் ஒரு வாடிவீடு என்பதும் ஈண்டு கருதத்தக்கது. வழிநெடுகிலும் அமைக்கப்பட்ட இவ்விடுதிகள் அரசாங்க உத்தியோகத்தரும் ஐரோப்பியப் பயணிகளும் தங்கும் பொருட்டு எழுந்தவை. அதே பாதையில் தலைச்சுமையுடன் நடந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளிக்கு அவற்றின் திண்ணையும் உரியதன்று.

கோப்பிக் காலத்தில் நிலைமை இதுவே. கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதன்முதற் காணப்பட்டதும் ஊவாவின் மடூல்சீமைப் பகுதியிலேதான். கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்த பின்னர், தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காகப் புகையிரதம் மலையேறிற்று. 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அது அடைந்தது. பதுளைக்கோ 1924 ஏப்ரில் 5ஆம் நாளே பாதை திறக்கப்பட்டது. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடைப்பட்ட தூரம் சிறிதாயினும் முப்பது ஆண்டுகள் கழிந்தன. அப்பகுதியின் நில அமைப்பும் முதலாம் உலகப் போரும் அத்தாமதத்திற் பங்குபெற்றன. இன்று நாடெங்கும் படமாகத் தொங்கும் ஒன்பது வளைவுப் பாலமும், பாதை தன்னையே சுற்றிக்கொண்டு தனக்குக் கீழே நுழையும் தெமோதரை வளைவும் இவ்விறுதிக் கட்டத்தின் ஆக்கங்களே. தேயிலைக்கென அமைந்த பாதையிற் பயணிகள் பின்னரே ஏறினர். அவ்வாறு ஏறியவரிடையே, குளிர்காற்று நாடிக் கொழும்பின் வெப்பத்திலிருந்து வந்தோரும் இருந்தனர்.

இதன் பின்னர் ஓய்வுத் தலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பண்டாரவளை அதன் மிதமான காலநிலையாற் பெயர் பெற்றது. தோட்டத்துரைமாருக்கென 1890களில் எழுந்த பண்டாரவளை ஹோட்டல் இன்றும் நிற்கின்றது. தியத்தலாவையின் வரலாறு சற்று விசித்திரமானது. தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர் வீரர் ஏறத்தாழ ஐயாயிரவர் 1900ஆம் ஆண்டு முதல் அங்குத் தடுத்துவைக்கப்பட்டனர். சிறைமுகாமாகத் தொடங்கிய அவ்விடம் பின்னர் பிரித்தானியப் படையினர் இளைப்பாறும் முகாமாகவும், விடுமுறை விடுதிகள் நிறைந்த ஊராகவும் மாறியது. சிறைப்பட்டோருக்கும் விடுமுறைக்கு வந்தோருக்கும் காற்று ஒன்றே. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் மாளிகை பிற்காலத்தில் பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாயிற்று. அங்குச் சென்று கல்மாளிகையைப் பார்த்துத் துறவியர் செய்யும் ஜாம் போத்தலொன்றை வாங்காமல் திரும்புவோர் அரியர். நாமும் வாங்கினோம்.

தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். கிளாஸ்கோ நகரில் மளிகைக் கடை வைத்து முன்னேறிய அவர், இங்கிலாந்தின் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையிற் தேயிலையைப் பொட்டலமாக்கி விற்றுப் பெருஞ்செல்வரானார். அவரிடம் தேயிலை வாங்கிய ஆங்கிலத் தொழிலாளி அக்காலத்திற் படிப்படியாக ஓய்வு நாளைப் பெற்றுக்கொண்டிருந்தான் என்பதை இவ்விடத்து நினைவுகூரல் வேண்டும். 1871இல் பிரித்தானியாவில் வங்கி விடுமுறைச் சட்டம் நிறைவேறியது. சனிக்கிழமை அரைநாள் ஓய்வு ஆலைகளிற் பரவியது. மலிவுக் கட்டணப் புகையிரதங்கள் தொழிலாளர் குடும்பங்களைக் கடற்கரைகளுக்கு ஏற்றிச் சென்றன. பிரான்சில் 1936இல் இரு வாரக் கூலியுடன் கூடிய விடுமுறை சட்டமாயிற்று. பிரித்தானியாவும் 1938இல் அவ்வழிச் சென்றது. கடற்கரையில் அமர்ந்து அவ்விடுமுறையைக் கழித்தோர் அருந்திய தேநீரின் கொழுந்தைப் பறித்தவர்க்கு அந்நாளில் இருந்த உரிமை யாது?

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டம் இதற்கு விடை தருகின்றது. அனுமதியின்றி வேலையை விட்டுச் செல்லுதல் அச்சட்டப்படி குற்றம். அதற்குச் சிறைத்தண்டனை விதிக்கலாம். உரிமையியல் வழக்காக முடிய வேண்டிய ஒப்பந்த மீறல் குற்றவியல் வழக்காயிற்று. எனவே மூன்று நாள் தோட்டத்தை விட்டு அயலூர் சென்றவனை, உறவினரைக் காணச் சென்றவன் என்று கருதுவதோ தப்பியோடியவன் என்று கருதுவதோ துரையின் விருப்பத்தைப் பொறுத்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதற்குத் ‘துண்டு’ என்னும் விடுவிப்புச் சீட்டு வேண்டியிருந்தது. கங்காணியின் கடன் தீராதவனுக்கு அது எட்டாக்கனி. துண்டு முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அக்காலத்திலேயே சிறைத்தண்டனை விதிகளும் நீங்கின. ஆக, பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்வதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புவரை, ஊவாத் தொழிலாளி ஒருவன் கேளாமற் பயணம் போதல் குற்றமாயிருந்தது எனலாம்.

1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்னும் கணக்கை வகுத்தது. ஆறு நாளைக் கணக்கிட்டதன் பயனாய் ஏழாம் நாள் தனித்து நின்றது. தொழிலாளரின் இளைப்பைக் கருதி அது கொடுக்கப்பட்டதாகத் தோன்றவில்லை. கூலிக் கணக்கில் எஞ்சியது அது. எஞ்சிய அந்நாளிலும் விறகு பொறுக்குதல், துணி துவைத்தல், லயத்து முன்றிலிலுள்ள காய்கறிப் பாத்தியைப் பார்த்தல் ஆகியன காத்திருந்தன. பெண்களைப் பொறுத்தவரையில் அது ஏழாம் வேலைநாள் என்பதே பொருந்தும். ‘கைக்காசு’க்குக் கொழுந்து பறிக்கும் வழக்கம் வந்தபின் ஞாயிற்றின் முற்பகலும் பலருக்கு மலையிலேயே கழிந்தது.

இவ்விடத்து ஓர் இடைக்குறிப்பு. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை வார ஓய்வு நாளாக இருக்கவில்லை. நிலவின் நான்கு பிறைக்கட்டங்களையும் ஒட்டிய போயா தினங்களும் அவற்றுக்கு முந்திய அரைநாள்களும் வார ஓய்வாயமைந்தன. வாரம் சில வேளைகளில் ஏழு நாள், சில வேளைகளில் எட்டு நாள். தேய்பிறையையும் வளர்பிறையையும் பார்த்துச் சந்தைக்குப் புறப்பட்ட அக்காலத்தைப் பற்றி எங்கள் தோட்டத்து முதியோர் இன்றும் சிரித்துக்கொண்டே பேசுவர்.

இத்தனை நெருக்கடிக்கிடையிலும் தொழிலாளர் உலவாமலிருந்தனரா எனின், இல்லை. அவர்கள் உலாவுக்கு வழிபாடு, உறவு, சந்தை ஆகிய மூன்றும் காரணங்களாயமைந்தன. ‘சும்மா போதல்’ என்பதற்கு இடமில்லாத வாழ்க்கையிற் காரணமொன்று காட்டிப் போதல் இன்றியமையாததாயிற்று.

வழிபாட்டுப் பயணங்களுள் தலையாயது கதிர்காம யாத்திரை. கதிர்காமம் ஊவா மாகாணத்துக்குள்ளேயே உள்ளது. பதுளை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து புறப்படுவோர் எல்லக் கணவாய் வழியே வெல்லவாய இறங்கிப் புத்தலை மார்க்கமாகக் காட்டைக் கடந்து செல்வர். இன்று உல்லாசப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் இராவணன் நீர்வீழ்ச்சி அப்பாதையோரத்திலேயே விழுகின்றது. பல நாள் நடை; கூட்டாகச் சமைத்தல்; மரத்தடியில் உறங்குதல்; இரவில் பாட்டும் தப்பும். நண்பர் குழாமாய்ச் செல்லும் இன்றைய சுற்றுலாவின் இயல்புகள் அனைத்தும் அதில் இருந்தன என்றால் பக்தர் எவரும் சினங்கொள்ளார் என்று நம்புகின்றேன். நேர்த்திக்கடன் என்று கூறி விடுப்புக் கேட்டால் துரையும் எளிதில் மறுக்கமாட்டார். ஆயினும் பிரித்தானிய அரசாங்கம் வாந்திபேதி பரவும் என்னும் அச்சத்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாத்திரிகரின் தொகையை அனுமதிச் சீட்டால் மட்டுப்படுத்தியது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவரும் பிற்காலத்தில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்றவருமான லெனார்ட் வுல்ஃப், அத்திருவிழாக் கூட்டத்தை மேற்பார்வை செய்யுங் கடமையையும் ஆற்றியவர்.

கதிர்காமத்து ஆடிவேல் விழா சூலை, ஆகத்து மாதங்களில் நிகழ்வது. ஊவாத் தேயிலையின் சிறப்புப் பருவமும் அதுவே. அக்காலத்தில் வீசும் வறண்ட கச்சான் காற்றினால் கொழுந்து குறைந்தாலும் அதன் மணம் உயர்ந்து, கொழும்பு ஏலத்தில் விலை ஏறும். பாடசாலைகளின் ஆகத்து விடுமுறையும் அப்போதே வருகின்றது. நாட்டின் பிற பாகத்தார் மலைக்கு இளைப்பாற ஏறும் அதே கிழமைகளில், தோட்டத்துக்கு ஒவ்வொரு கொழுந்தும் மிக அருமையானதாகின்றது. ஊவாவில் ஓய்வைப் பற்றிய பிணக்கு பெரிதும் பருவத்தைப் பற்றிய பிணக்காகும் என்பது எனது கருத்து.

சந்தை நாள் பற்றி விரித்தல் வேண்டாம். சம்பளத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமையிற் பதுளை, பசறை, பண்டாரவளைக் கடைவீதிகள் தோட்டத்து மக்களால் நிரம்பும்; சாமான் வாங்குவதும் பிற தோட்டத்து உறவினரைக் கண்டு பேசுவதும் படம் பார்ப்பதும் அன்றே. தீபாவளி, தைப்பொங்கல், மாசி மாதத்துக் காமன் கூத்து ஆகியன தோட்டத்துக்குள்ளேயே நிகழ்ந்த விழாக்கள். தீபாவளி முற்பணம் என்று கொடுக்கப்படும் பணம் பின்னர் மாதந்தோறும் சம்பளத்திற் கழிக்கப்பட்டமையால், இரண்டு நாள் மகிழ்ச்சிக்குப் பல மாதம் கடன்பட்டோர் பலர்.

உறவை நாடிய பயணமே இவற்றுள் மிக ஆழ்ந்த விளைவை உண்டாக்கியது. ‘ஊருக்குப் போய்வருதல்’ என்பது அக்காலத்தில் தமிழகத்துக் கிராமத்துக்குப் போய்வருதல். 1914இல் தலைமன்னார் – தனுஷ்கோடிக் கப்பற் சேவை தொடங்கிய பின் அப்பயணம் எளிதாயிற்று. திருமணம், காதுகுத்து, குலதெய்வ வழிபாடு, தாய்தந்தையரின் மரணம் ஆகியவற்றுக்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சென்று ஓரிரு மாதம் தங்கி மீள்வர். மலையகத் தொழிலாளியின் வாழ்வில் நீண்ட விடுமுறை என்று சொல்லத்தக்கது இதுவொன்றே.

இவ்விடுமுறை பின்னர் அவர்க்கு எதிரான சான்றாக மாறியது. 1939 ஆகத்து 1ஆம் நாள் இந்திய அரசாங்கம் பயிற்சிபெறாத் தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடைசெய்தது. இலங்கை அரசாங்கம் தனது சேவையிலிருந்த இந்தியரை விலக்கத் தலைப்பட்டமைக்கு எதிர்நடவடிக்கையாக அது எழுந்தது. அரசியல் நோக்கில் அது நியாயமாகலாம். ஆயின் அவ்வேளை விடுப்பிற் சென்று தமிழகத்திலிருந்த சாதாரண தொழிலாளி திரும்பிவர இயலாது அகப்பட்டுக்கொண்டான். இலங்கையிலிருந்தோர் போகவும் அஞ்சினர்.

பத்தாண்டுகள் கழிந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் அவர்கள் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெற வழியொன்று வகுத்தது. 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன்னர் இடையறாது வதிந்திருத்தல் வேண்டும்: மணமானவர் ஏழாண்டு, மணமாகாதவர் பத்தாண்டு. ஒருமுறை நாட்டைவிட்டுச் சென்றவர் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருப்பின் வதிவு அறுந்ததாகக் கொள்ளப்படும். மணமானவரின் ஏழாண்டு 1939ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் என்பதைக் கணக்கிட்டு நோக்குக. இந்தியா தடைவிதித்த அதே ஆண்டு அது. ஓர் அரசாங்கம் கதவை அடைத்தமையால் வெளியே நின்றவனை, ‘நீ ஏன் உள்ளே இருக்கவில்லை’ என்று மற்றோர் அரசாங்கம் வினவியது.

எனது பூட்டனார் அவ்வாறு வினவப்பட்டோருள் ஒருவர். 1939 ஆனி மாதத்தில் தங்கையின் திருமணத்துக்காகத் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்துக்குச் சென்ற அவர், இரண்டு மாதத்தில் திரும்புவதாகக் கூறிச் சென்றவர். போர்க்காலத்தின் நடுவில் தடை தளர்ந்த பின்னரே லயத்துக்கு மீண்டார். அவரது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எங்கள் குடும்பத்தில் வழங்கும் கதைப்படி, விசாரணையில் அவர் கூறியது இவ்வளவே: “கல்யாணத்துக்குப் போனேங்க.” எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அச்சட்டத்தின்கீழ் விண்ணப்பத்தில் அடங்கியிருந்தனர், பிரசாவுரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானவரே. நிராகரிப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒரு திருமணத்துக்குப் போய்வந்த பயணமும் ஒன்றாக இருந்தமையை வரலாற்று மாணவன் என்ற முறையில் மட்டும் என்னால் நோக்க இயலவில்லை.

இதற்கிடையே 1940ஆம் ஆண்டு ஊவாவில் நிகழ்ந்த வேலைநிறுத்தங்களையும் இவ்வரலாற்றோடு இணைத்தே நோக்குதல் தகும். தோட்டம் முழுவதும் தனியார் நிலம், பாதையும் அவர்களுடையதே. தொழிலாளியின் லயத்துக்கு வரும் நண்பனும் சட்டப்படி அத்துமீறிப் புகுந்தவனாகலாம். சங்க அமைப்பாளருக்கு எதிராகத் தோட்டத்துரைமார் பயன்படுத்திய கருவி இதுவே. பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் 1940 மே மாதத்தில் லங்கா சமசமாஜக் கட்சியினர் தலைமையிலான சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர் நடத்திய போராட்டம் வரலாற்றாசிரியர் பலராற் போற்றப்படுவது. சில காலம் தோட்டமே தொழிலாளரின் கட்டுப்பாட்டில் இருந்தது. கூலியே அப்போராட்டத்தின் பொருள் என்று கருதுவோர் உளர். ஒன்றுகூடும் உரிமையும், விரும்பியவரை வீட்டுக்கு அழைக்கும் உரிமையும் அதில் அடங்கியிருந்தன. பேர் போடாத நாளன்றிக் கூட்டத்துக்கு வேறு நாள் ஏது? அவ்வாண்டு சூலையில் எழுந்த ஏழம்ச உடன்படிக்கை தொழிற்சங்கங்களை ஏற்றுக்கொண்டது. 1941இன் சம்பளச் சபைக் கட்டளைச்சட்டத்தின் வழியாக வேலை செய்த நாள்களுக்கேற்பக் கூலியுடன் கூடிய ஆண்டு விடுமுறை பின்னர் கிடைத்தது. மே தினம் 1956 முதல் பொது விடுமுறையாயிற்று. கூலியுடன் கூடிய ஓய்வு நாள் என்னும் கருத்து லயத்தை அடைந்த வரலாறு சுருங்கக் கூறின் இதுவே.

இக்காலத்தில் மலைக்கு ஓய்வெடுக்க வந்தோரும் மாறினர். துரைமாரின் இடத்தை அரசாங்க உத்தியோகத்தர் பிடித்தனர். அவர்க்கு விடுமுறைப் புகையிரத வாரண்டு உண்டு. திணைக்களங்களின் விடுதிகள் உண்டு. யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரும் ஆசிரியரும் வாரண்டைக் கொண்டு குடும்பத்துடன் பண்டாரவளைக்கு வந்து ஒரு கிழமை தங்கினர். தோட்டத் தொழிலாளிக்கோ ‘கோச்சி’ என்னும் புகையிரதம் வேறொரு நினைவைத் தந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. 1970களில் அவர்கள் இப்பாதை வழியாகவே தலைமன்னாருக்குச் சென்றனர். பூட்டனாரின் இளைய மகனும் அவருள் ஒருவர். அப்புத்தளை நிலையத்தில் ஒரே மேடையில், கம்பளிச் சட்டையணிந்து குளிரை இரசிக்க இறங்கியவரும், தகரப்பெட்டியுடன் மீளா வழியில் ஏறியவரும் எதிர்ப்பட்டிருப்பர். 1984இல் கப்பற் சேவை நின்றது. எஞ்சியோருக்கு 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பிரசாவுரிமை வழங்கின.

போர் 2009இல் முடிவுற்ற பின் எல்ல அடைந்த வளர்ச்சி யாவரும் அறிந்தது. சிற்றூராயிருந்த அது இன்று உலகப் பயணிகளின் வரைபடத்தில் இடம்பெற்றுள்ளது. பாலத்தருகே இளநீரும் அவித்த சோளமும் தேநீரும் விற்போர் பலர். தேயிலையை விளைவித்த நிலம், தேயிலையைக் காட்டியும் பணம் ஈட்டக் கற்றுக்கொண்டது. கொஸ்லந்தைப் பகுதியின் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மண்சரிவு லயங்களை மூடியதும் இம்மலைத்தொடரிலேதான். காட்சி முனைகளிலிருந்து நோக்கும்போது லயங்கள் அழகிய சிறு கோடுகளாகவே தெரியும். அவை எத்தகைய சரிவிற் கட்டப்பட்டுள்ளன என்பது தெரியாது.

மாற்றமொன்று எமது தலைமுறையில் நிகழ்ந்துள்ளது. கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் தோட்டத்து இளைஞர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் மீளும்போது, சேர்ந்து வேன் பிடித்துத் துன்ஹிந்தைக்கும் தியலுமைக்கும் செல்கின்றனர். 210 அடி உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்தை பதுளை நகருக்கு மிக அண்மையிலிருந்தும், அதனைத் தம் பெற்றோர் கண்டதில்லை என்று கூறுவோர் அவருட் பலர். அவர்கள் பயணத்துக்கு நேர்த்திக்கடன் இல்லை, சாவு வீடு இல்லை, சாமான் வாங்குதலும் இல்லை. வெறுமனே போகின்றனர். பாட்டுப் பெட்டியின் ஓசை மிகுதி என்று முதியோர் குறைகூறுவர். அக்குறை முற்றிலும் பொய்யன்று.

அடுத்து வந்த விடுமுறையில் தாயாரை முச்சக்கரவண்டியொன்றில் லிப்டன் சீட்டுக்கு அழைத்துச் சென்றேன். கட்டணத்தைக் கேட்டு முதலில் இறங்க மறுத்தார். மேலே சென்றபின் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கீழே கைகாட்டி, ஒவ்வொரு மலையையும் அதன் இலக்கத்தாற் குறிப்பிட்டு, எதற்குக் கவ்வாத்து வெட்டி எத்தனை ஆண்டாயிற்று என்றும், தான் வழுக்கி விழுந்தது எந்தக் கானின் ஓரத்தில் என்றும் சொல்லிக்கொண்டே வந்தார். அருகில் நின்ற வெளிநாட்டுப் பயணி ஒருவர் எம்மைப் படமெடுக்கலாமா என்று சைகையாற் கேட்டார். தாயார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கொழுந்துக் கூடையில்லாமல் எடுக்கட்டும் என்று சொல்லச் சொன்னார்.